பன்னிரண்டு மணி செபமும் இரண்டு வாசல்களும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

"நாங்கள் கத்தோலிக்கர்கள். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் மூன்று மாதம்தான் வீட்டில் இருப்பார். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. இருவரும் சிஸ்டர்கள் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். நான் படித்ததும் அதே காம்பவுண்டில்தான், ஆனால் தமிழ்வழிப் பக்கம். 2001இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். இந்த ஜூனிலிருந்து பள்ளியில் பன்னிரண்டு மணிக்கு மாதாவிடம் சொல்லும் மூவேளைச் செபத்தை நிறுத்திவிட்டு, மணி அடித்ததும் ஒரு நிமிட மௌனம் என்று மாற்றிவிட்டார்கள். காலை அசெம்ப்ளியில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கிறார்கள். மகள் வகுப்பில் 42 பேர், அதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் 9 பேர். பெற்றோர் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு தரப்பு, செபத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டும், அட்மிஷனில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறது. இன்னொரு தரப்பு, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லித்தரும் மறைக்கல்வி பீரியடையே பள்ளி நேரத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பதில் மனு போடுகிறது. 'கையெழுத்துப் போடு, இல்லையென்றால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்று, இது இப்போது நம்ம பள்ளிக்கூடமே இல்லை' என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனது ஒப்பவில்லை. மகளுக்கு நல்ல தோழிகள் கிடைத்திருக்கிறார்கள். அவர் சொல்வதும் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள அம்மாவுக்கு,

வழக்கமாக 'சகோதரி' என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தக் கடிதத்தில் ஏற்கெனவே நிறைய சிஸ்டர்கள் இருப்பதால் குழப்பம் வேண்டாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கத்தோலிக்கர் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் சிஸ்டர்களிடம் படித்தவள், பிறகு வேறு ஊரில் வேறு துறவற சபை நடத்தும் பள்ளியில் பல வருடம் கவுன்சலராக இருந்தவள். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் கணக்குப்படி பார்த்தால், பள்ளிக்கூடத்தை 'நம்ம பள்ளிக்கூடம் இல்லாமல்' ஆக்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம், பன்னிரண்டு மணி அடித்ததும் மிஸ் பாதி எழுதிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, சாக்பீஸை மேஜையில் வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்புவார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. எனக்கும் அந்த மிஸ்ஸைத் தெரியும். எல்லா ஊரிலும் ஒருவர் இருந்தார். செபம் முடிந்ததும் அதே வாக்கியத்தை விட்ட எழுத்திலிருந்து எழுதுவார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தி எழுந்து நிற்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கனம் இருந்தது. அதை இழந்தது உங்களுக்கும் வருத்தம்தான், ஒத்துக்கொள்ளுங்கள். கணவர் சத்தமாகச் சொல்லிவிட்டார், நீங்கள் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பக்கமும் சட்டம் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பக்கமும் பாதிதான் பேசுகிறார்கள். அரசியலமைப்பின் 30(1) பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்த உரிமை தருகிறது. ஆகவே கத்தோலிக்கப் பள்ளியில் செபம் சொல்வதே சட்டவிரோதம் என்று குழுவில் எழுதிய ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு யாரோ தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 28(3) என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், உதவி பெறும் பள்ளியிலும்தான், எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை சிறு வயது என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே 'எங்கள் பள்ளி, எங்கள் செபம், பிடிக்காதவர்கள் டிசி வாங்கிக்கொண்டு போங்கள்' என்பதும் செல்லாது. பள்ளி செபம் வைக்கலாம். 42 பேரும் சொல்லியே ஆக வேண்டும் என்று நிற்க முடியாது. அதேபோல, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்கும் மறைக்கல்வி பீரியடை எடுக்கச் சொல்ல மற்றவர்களுக்கு உரிமையில்லை. அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு உருப்படியாக நடக்கிறதா, அல்லது மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டு இருக்கிறாரா என்று கேட்க உரிமை உண்டு. அதைத்தான் அவர்கள் கேட்க வேண்டும்.

செபத்தை நிறுத்தியது சிஸ்டர் ஒருவர் பயந்துபோய் எடுத்த முடிவு என்று மனுவில் எழுதியிருக்கிறார்களாம். அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2024இல் தன் பள்ளி கல்லூரிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற சமயப் பிள்ளைகள்மீது நம் வழக்கங்களைத் திணிக்காதீர்கள், தினமும் அசெம்ப்ளியில் முகவுரையை வாசிக்கச் சொல்லுங்கள் என்று அதில் இருக்கிறது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் அசாமில் ஒரு அமைப்பு கிறிஸ்தவப் பள்ளிகளிலிருந்து இயேசு, மாதா சுரூபங்களை எடுக்கச் சொல்லிக் கெடு வைத்திருந்தது. பயமும் கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊர் சிஸ்டர் தனியாக உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம் இல்லை இது. முடிவு சரியா தவறா என்பது வேறு. பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லாமல் ஜூன் முதல் வாரத்தில் திடுதிப்பென்று மாற்றியது தவறு. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை, நேரில் போய்ச் சொல்லுங்கள்.

அடுத்தது 42இல் 9. உங்கள் வீட்டுக்காரரை உறுத்துவது இந்த எண்தான். ஆனால் இதில் புதிது என்ன? தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிக்கிறவர்களில் நான்கில் மூன்று பங்கு கிறிஸ்தவர் அல்லாதவர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஆறு சதவீதம் சொச்சம், அதில் கத்தோலிக்கர் ஒரு பங்கு. அவ்வளவு பேரை வைத்து இத்தனை பள்ளிக்கூடங்களை நிரப்ப முடியுமா? தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊரில் கூடுதலாக இருந்திருக்கும், சரி. உங்கள் காலத்து வகுப்பில் எத்தனை பேர் கத்தோலிக்கர் என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், பெயர் பெயராக. நானும் என் வகுப்பை எண்ணிப் பார்த்தேன். 48 பேரில் 14 பேர்தான் வந்தது, ஆனால் அதுவரை என் நினைவில் பாதி வகுப்புக்கு மேல் கத்தோலிக்கர் மாதிரியே இருந்தது. எல்லோரும் சேர்ந்து செபம் சொன்னதால் வந்த மயக்கம் அது.

திருச்சபையும் இதை ஒரு குறையாகப் பார்க்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளைத் திருச்சபை மிகவும் நேசிப்பதாகவே எழுதியிருக்கிறது. அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது, அதை இரண்டு மனுக்காரர்களும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பொருளில் ஏழைகளாய் இருக்கிற பிள்ளைகளைத்தான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்கிறது.

இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் படித்த தமிழ்வழிப் பள்ளிக்கு வடக்கு வாசல், மெட்ரிக்குக்குத் தெற்கு வாசல், நடுவில் மதில் சுவர், மாதா சிலை இருக்கும் குகைக் கோயிலான கெபி மட்டும் சுவரை ஒட்டித் தமிழ்வழிப் பக்கம் மாட்டிக்கொண்டது, மெட்ரிக் பிள்ளைகள் மே மாத வணக்கத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று. உங்கள் காலத்தில் தமிழ்வழியில் ஒரு வகுப்புக்கு ஐந்து செக்‌ஷன், இப்போது இரண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் பள்ளியில் மாறியது என்ன என்று கேட்டால் நான் இந்த மூன்று வரியைத்தான் காட்டுவேன்.

கணவர் தேடுகிற 'நம்ம பிள்ளைகள்' எங்கே போனார்கள்? பாதிப் பேர் அந்தச் சுவருக்கு வடக்கே இருக்கிறார்கள். மீதிப் பேர் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள். உதவி பெறும் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், அதனால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் குறையும். ஆங்கிலவழி கேட்டு ஊர் நெருக்கியபோது எத்தனையோ சபைகள் பக்கத்திலேயே சுயநிதியில் மெட்ரிக்கைத் தொடங்கின. அங்கே சம்பளம், கட்டடம், வேன் டீசல் எல்லாம் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். முன்பு பத்து சிஸ்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்த இடத்தில் இப்போது மூன்று பேர் இருந்தால் அதிகம். மடத்தில் சேர வரும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். அந்த ஏழு பேர் வேலையைச் சம்பளத்துக்கு வருகிற டீச்சர்கள் பார்க்கிறார்கள், கட்டணம் ஏறுகிறது. கட்டணம் ஏறியதும் யார் உள்ளே வருவார், யார் வெளியே போவார் என்று சொல்லத் தேவையில்லை. வல்லப் படகில் கடலுக்குப் போகிறவர் பிள்ளையும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர் பிள்ளையும் கத்தோலிக்கராகவே இருந்தாலும் தெற்கு வாசலுக்கு வர முடியாது.

அப்புறம் அரசுத் திட்டங்கள். 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. படிக்கிற பிள்ளையை வைத்திருக்கும் ஏழை வீட்டில் என்ன செய்வார்கள்? ஐந்தாம் வகுப்போடு சிஸ்டர் பள்ளியிலிருந்து டிசி வாங்கிவிடுவார்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் முதலில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. உதவி பெறும் பள்ளித் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று விரிவாக்கி 2024 டிசம்பர் 30இல் முதலமைச்சர் தொடங்கிவைத்ததே உங்கள் தூத்துக்குடியில்தான். நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்தது 2025 ஆகஸ்டில். இதெல்லாம் வருவதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அட்மிஷனில் கத்தோலிக்கருக்கு முதலிடம் கேட்கும் மனுக்காரர்கள் கட்டணத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா? நீங்கள் அனுப்பிய நகலில் நான் தேடிப் பார்த்தேன், இல்லை. முதலிடம் கொடுத்தாலும் கட்ட முடிந்தவர்தானே வருவார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி மற்றத் தனியார் பள்ளிகள் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. (2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பிப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது, அது தனிக் கதை.) அதாவது உங்கள் பள்ளி ஏழைப் பிள்ளையை எடுத்தே ஆக வேண்டும் என்று இன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சிஸ்டர்கள் மனசு வைத்தால்தான் உண்டு. நான் மேலே சொன்ன 2021 அறிக்கையிலேயே, சிறுபான்மைப் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று இருக்கிறது. ஆணையத்தின் நோக்கத்தைப் பற்றிச் சர்ச்சை உண்டு. அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நான் கவுன்சலராக இருந்த பள்ளியில் அதே கதைதான்.

அந்தப் பள்ளியில் ஒரு பெற்றோர் கூட்டம். இதே மாதிரி ஒரு சண்டை, அங்கே மாதத்தின் முதல் வெள்ளியில் வைக்கும் திருப்பலிப் பூசை பற்றி. ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசி வரிசையில் தலையில் முக்காடு போட்ட ஒரு இஸ்லாமிய அம்மா எழுந்து, "பூசை வச்சா எம்புள்ள லைப்ரரில உக்காந்துக்குவா, எனக்கு ஒண்ணும் இல்ல. டேர்ம் ஃபீஸுக்கு ரெண்டு தவணை குடுப்பீங்களா?" என்று கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. மேடையில் தாளாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, இதுவரை இங்கே யாருமே பேச வந்ததைப் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கத்தியவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே இருந்ததும் இந்தக் கட்டணக் கவலைதான். இரண்டு தவணைக்குச் சம்மதித்தார்கள். திருப்பலி விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று ஆனது. முதல் வெள்ளியில் வந்து பின்னால் நிற்கிறவர்களில் பிற சமயப் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள் என்பது வேறு விஷயம். அரசுத் தேர்வு வந்தால் கெபியில் மாதா காலடியில் ஹால் டிக்கெட் குவியும் பாருங்கள், அதில் கத்தோலிக்கர் டிக்கெட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். உங்கள் கணவரின் கோபம் ஜூனில் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன். மே மாதம் விடுப்பில் வந்தபோது மகளின் பிறந்தநாளுக்கு அவள் தோழிகள் நான்கு பேரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனீர்கள், சாப்பாடு வந்ததும் மகள் சிலுவை அடையாளம் போடாமல் கை வைத்துவிட்டாள், அவர் அன்று இரவு முழுக்கப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கண் இங்கே நிற்கிறது எனக்கு. கடலில் ஒன்பது மாதம் இருக்கிற மனிதர். வீட்டில் பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்க்க அவருக்குக் கிடைப்பது இந்த மாதிரி ஒரு தட்டு, ஒரு நிமிடம். அதில் தன் அம்மா சொல்லிக்கொடுத்தது, தான் கப்பல் மெஸ்ஸில் நாலு நாட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்தும் விடாமல் செய்வது, தன் மகளிடம் இல்லை. இதை 'பிற்போக்கு' என்று சொல்லாதீர்கள். கடிதத்தில் ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள், அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மகளுக்குப் பதினொரு வயது. அந்த வயதில் பிள்ளைகள் தன் பெஞ்ச் என்ன செய்கிறதோ அதைச் செய்யும். தோழி முன் தனியாகத் தெரிவது அவளுக்கு மூச்சு முட்டும். நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமில்லை, வெட்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பள்ளியை மாற்றினால், புதுப் பள்ளியில் முதல் நாள் இன்னும் அதிகமாக வெட்கப்படுவாள். நீங்கள் சொல்லும் அந்த இன்னொரு கத்தோலிக்கப் பள்ளிக்குக் காலை ஆறே முக்காலுக்கு வேன் ஏற வேண்டும், அங்கேயும் வகுப்பில் கத்தோலிக்கர் பத்துப் பேர்தான் இருப்பார்கள். மாற்றாதீர்கள். அவளை விசாரிக்கவும் வேண்டாம். என்றாவது அவள் கூடச் சாப்பிடும்போது, "உன் ஃப்ரெண்ட்ஸ் யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. ஞாயிறு காலை மகளுக்குக் கணக்கு ஒலிம்பியாட் வகுப்பு இருப்பதால் மாலைத் திருப்பலிக்குப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பங்கில், அதாவது உங்கள் ஊர்க் கோயிலில், மறைக்கல்வி எப்போது? நான் பார்த்த பங்குகளில் எல்லாம் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த கையோடுதான். அப்படியானால் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய பிறகு அவள் பங்கு மறைக்கல்விக்கே போகவில்லை, சரிதானே? வீட்டில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைப் பள்ளி தினமும் பன்னிரண்டு மணிக்கு ஒன்றரை நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தது, அது நின்றதும்தான் வேறெங்கும் நடக்கவில்லை என்பது தெரிந்திருக்கிறது. 1965 அறிக்கை பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்கிறது, அதற்குச் சங்கம் கூடியிருக்கத் தேவையில்லை, உங்கள் மாமியாரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். மனுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் வீட்டிலும் ஞாயிறு காலை என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்களேன்.

ஆகவே ஒலிம்பியாட்டை வேறு நாளுக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நிறுத்துங்கள். இந்த முடிவை அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரலில். "நீங்க சொன்னதுல இது சரி" என்று ஆரம்பித்தால் பாதிச் சண்டை அதோடு முடிந்துவிடும். கப்பலில் இப்போது இணையம் இருக்கிறதே, சிக்னல் கிடைக்கிற இரவுகளில் அவர் கூப்பிட்டு மகளோடும் மகனோடும் செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்லட்டும். 1542இல் சவேரியார் உங்கள் முத்துக்குளித்துறையில் இறங்கி ஊர் ஊராகக் கையில் மணியை ஆட்டிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டித்தான் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வகுப்பறையும் இல்லை, பீரியடும் இல்லை.

மனு விஷயம். இப்போது இருக்கிற மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் மனுவிலும் வேண்டாம். நீங்களும், உங்களை மாதிரி நடுவில் மாட்டிக்கொண்ட நாலைந்து அம்மாக்களும் (அதில் இரண்டு பேராவது கத்தோலிக்கர் அல்லாதவர்களாக இருக்கட்டும், மகளின் தோழிகளின் அம்மாக்களை விட்டால் வேறு யார்) சிஸ்டரை நேரில் பாருங்கள். பரீட்சை நேரத்தில் போகாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் விருப்பமுள்ள பிள்ளைகள் செபம் சொல்லட்டும், மற்றவர்கள் மௌனமாக நிற்கட்டும், சொல்ல ஆசைப்படும் பிற சமயப் பிள்ளையையும் யாரும் தடுக்க வேண்டாம், ஆனால் அதன் வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் அந்த மணி அப்படித்தான். பிறகு கட்டணத்தைப் பற்றிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009 சட்டப்படி அமைத்த குழு நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்தது எவ்வளவு, வாங்குவது எவ்வளவு என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நான்கு இடமாவது கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தர முடியுமா, பழைய மாணவிகள் சேர்ந்து பணம் போட்டால் கணக்கு எப்படி வரும் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி என்று நீங்கள் சொன்னால் நான் சந்தோஷப்படுவேன். முதலில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு என்று கணவர் சொன்னால் அதற்காகவும் சண்டை போடாதீர்கள். எப்படியும் அந்தத் தெருவில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

'எங்க பாட்டன் மீன்பாட்டுல பங்கு குடுத்துக் கட்டின பள்ளிக்கூடம்' என்று அவர் குழுவில் எழுதியதை நீங்கள் கேலியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கடற்கரை ஊர்களில் வலையில் விழுந்த மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்த ஆட்கள் இருந்தார்கள், கோயிலும் பள்ளியும் அந்தக் காசில் எழும்பின. உரிமை கேட்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. அந்தப் பாட்டனின் மற்றப் பேரப்பிள்ளைகள் இப்போது எந்த வாசல் வழியாகப் போகிறார்கள் என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும். கேள்வியாகக் கேட்டால் கோபம் வரும். அடுத்த முறை விடுப்பில் வரும்போது மகளைக் கூட்டிவர மூன்றரை மணிக்கு அவரையே அனுப்புங்கள், ஆனால் தெற்கு வாசலுக்கு வேண்டாம். நீங்கள் படித்த பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வடக்கு வாசலில் பத்து நிமிடம் கூட நின்றுவிட்டுப் பிறகு போங்கள். கெபிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வீட்டுப் பெயராவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.